ஞாயிறு பதினொரு மணிக்கு இறப்பவள்

மார்ச் 5

செத்துப்போன தங்கைக்கு,

நேற்றுக் காலை ஒரு கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்தபோது, கிளினிக் வரவேற்பில் இருக்கும் பெண் போனோடு உள்ளே வந்தாள். அப்பா இருக்கிற ஊரிலிருந்து என்றதும் வேலையை நிறுத்தினேன். கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினேன். நம் தெருமுனை உணவகத்தின் முதலாளியம்மா பேசினாள். எனக்கு அவளைத் தெரியாது. நான் அங்கே வந்துபோன காலத்தில் வேறு யாரோ நடத்தினார்கள். ஆனால் அவளுக்கு என்னை நன்றாகத் தெரிந்திருந்தது.

"டாக்டரம்மா, பல்வலி உயிர் போகுது. உங்க கிளினிக் பேரை அப்பாதான் பெருமையா சொல்லிட்டிருப்பார், தேடிப் புடிச்சேன். ஞாயித்துக்கிழமை சாப்பிட வருவீங்கல்ல, அப்ப ஒரு பார்வை பாத்துடறீங்களா?"

"நான் எங்கே வரப்போறேன்?"

"என்ன டாக்டரம்மா, வாராவாரம் ஜன்னலோர மேசையில உக்காந்துட்டு இப்படிக் கேக்கறீங்க. தங்கச்சி போனதுலேர்ந்து நீங்கதானே பெரியவருக்கு எல்லாம். பாவம், ஒவ்வொரு வாரமும் அந்தப் பொண்ணை நெனச்சு அழுதுட்டேதான் சாப்பிடறார். எங்க சர்வருக்கே கண்ணு கலங்கிடுது."

நாற்காலியில் நோயாளி வாயைப் பிளந்தபடி கிடந்தார். நான் முதலாளியம்மாவை வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னேன். வேறென்ன சொல்ல?

எனக்கு இருப்பது ஒரே தங்கை. அவள் செத்த செய்தியைப் பல்வலிக்காரி சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலைமை எனக்கு. அப்பா உன்னை நான் என்று நினைத்துக்கொள்கிறார், நீ திருத்தாமல் விட்டுவிட்டாய். அதுவரை எனக்குப் புரிகிறது. தங்கை செத்துவிட்டாள் என்று அவரிடம் யார் சொன்னது? எதற்கு?

அவருக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்று நான் வரவில்லை. அந்தக் கோபத்தில் இன்னும் நீ என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பதில் எழுது. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அடுத்தவர் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் சொல்லடைவு போட்டுப் பிழைக்கிறவள் நீ. ஒரு தடவை சொந்தமாக நாலு வரி எழுதினால் கை ஒடிந்துவிடாது.

பெரிசு

✻

மார்ச் 12

உயிரோடிருக்கும் அக்காவுக்கு,

முதலாளியம்மாவின் வீக்கம் குறைந்துவிட்டது. உப்புத் தண்ணீருக்கு உன்னை மெச்சுகிறாள். அந்த மெச்சுதலையும் நான்தான் வாங்கிக்கொண்டேன்.

நீ கேட்டதால் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை.

அந்த உணவகம் இப்போதும் சலவைக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு உள்ளே போனால் காலைச் சாப்பாடா மதியச் சாப்பாடா என்று தெரியாத அந்தச் சாப்பாடு. முட்டை, வாட்டிய ரொட்டி, வறுத்த உருளைக்கிழங்கு, கேட்கக் கேட்க ஊற்றும் காபி. முந்தைய இரவு குடித்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியோடு வரும் பையன்கள், சைக்கிள் ஓட்டிவிட்டு வேர்வையோடு வந்து இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போடும் கூட்டம், நாற்காலிக்கு அடியில் தவழும் குழந்தைகள். அம்மா போனபிறகு, சமைக்கத் தெரியாத அப்பா நம் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்த அதே இடம். அவர் இப்போதும் இஸ்திரி போட்ட சட்டையில்தான் வருகிறார். உட்காரும் முன் மேசையை ஆட்டிப் பார்க்கிறார். ஆடினால் காகிதத் துவாலையை மடித்துக் காலுக்கடியில் செருகுகிறார். வேலை பார்த்த காலம் முழுக்க லிஃப்டுகளைச் சோதித்தவர். நன்றாக ஓடும் லிஃப்டைக்கூட 'நன்று' என்று எழுதியதில்லை. 'குறை தென்படவில்லை' என்பார். வீட்டிலும் அதுதான். உன்னை மட்டும் 'நன்று' என்றார்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. நான் முடியைக் குட்டையாக வெட்டியிருந்தேன். உணவுப் பட்டியலிலிருந்து நிமிர்ந்தவர், "பெரிசு, எப்ப வந்தே?" என்றார். அக்கா, அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. உனக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்திருக்கிறார். அவரது ஆம்லெட்டின் மொறுமொறுப்பான ஓரத்தை வெட்டி என் தட்டில் வைத்தார். நான் யாரென்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ஓரம் ருசியாக இருந்தது. சொல்லவில்லை.

பிறகு கேட்டார்: "சின்னது வரலையா?"

"இல்லப்பா."

"நல்லதாப் போச்சு. அவ வந்தா நிம்மதியா சாப்பிட முடியாது. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா."

அன்று காலை அவரைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, அந்தச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக் கூட்டிவந்தவள் நான். வாயிலிருந்த ரொட்டியை விழுங்கினேன். "அவ செத்துப்போயிட்டாப்பா" என்றேன்.

முள்கரண்டியை மெதுவாகத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "எப்ப?" என்றார். அப்புறம் காகிதத் துவாலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அழுதபடியே பேசினார். "அவகிட்ட ஒரு குறையும் இல்ல. நான்தான் ஒருநாளும் வாயைத் தொறந்து சொன்னதில்ல. அவ படிச்சிட்டிருக்கறப்ப வாசல்ல நின்னு பாத்துட்டுப் போவேன். கூப்பிட்டா நிமிந்துடுவாளேன்னு கூப்பிட மாட்டேன்."

தட்டுகளை எடுத்துக்கொண்டு போவதற்குள் மறந்துவிட்டார். எதற்கு முகம் ஈரமாக இருக்கிறது என்று என்னைக் கேட்டார்.

அடுத்த ஞாயிறு மறுபடி சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறும். விபத்து என்றால் அவருக்குக் கோபம்தான் வருகிறது. ஓட்டுநரைத் திட்டுவதிலேயே நேரம் போய்விடுகிறது, எனக்கு ஒன்றும் தேறுவதில்லை. காய்ச்சல் என்றால் நான் குழந்தையாக இருந்த கதையெல்லாம் வருகிறது. அதனால் காய்ச்சலிலேயே நின்றுவிட்டேன்.

உனக்கு அருவருப்பாக இருக்கும். இருக்கட்டும். நீ பிறந்ததிலிருந்து உட்கார்ந்து சாப்பிட்ட பந்தி அது. நான் செத்தால்தான் எனக்கு இலை போடுகிறார்கள்.

சின்னது

✻

மார்ச் 18

கடைசிப் பக்கக்காரிக்கு,

உன் கடிதத்தை நோயாளிகள் வருவதற்கு முன் படித்தேன். பிறகு நாள் முழுக்க யார் வாயைத் திறந்தாலும் அப்பாவின் வாய்தான் தெரிந்தது.

பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் நான் மரத்துப்போக ஊசி போடுவேன். அந்த மரியாதைகூட நீ அவருக்குத் தரவில்லை. ஒருவருக்குப் பிள்ளை ஒருமுறைதான் சாகும். இவருக்கு வாராவாரம் புதிதாகச் செத்துக்கொண்டிருக்கிறாள். அப்பா மறந்துவிடுகிறார் என்பதால் அவருக்கு வலிக்கவில்லை என்று கணக்குப் போட்டிருக்கிறாய். எந்த நோய்க்கு அதிகம் அழுகிறார் என்று சோதித்து வேறு பார்த்திருக்கிறாய். லிஃப்ட் சோதித்தவரின் மகள்தான், சந்தேகமில்லை.

பந்தி என்கிறாய். அந்தப் பந்தியில் உட்கார்ந்தவளைக் கேள். மதிப்பெண் குறைந்த வாரம் அதே ஜன்னலோர மேசையில் என் பக்கம் திரும்பாமல் சாப்பிட்டு முடிப்பார். நீ அப்போது சாஸ் புட்டியின் லேபிளை வாசித்துக்கொண்டிருப்பாய், உன்னை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எவ்வளவு கொடுத்து வைத்தவள் என்று பொறாமையாக இருக்கும். நீ படிக்கும்போது உன் வாசலில் சும்மா நின்றாராம். என் வாசலில் அவர் சும்மா நின்றதே இல்லை. எனக்காக ஒருமுறையாவது அழுதாரா? நீ எதிரில் நானாகத்தானே உட்கார்ந்திருக்கிறாய், கேட்டுச் சொல்லேன்.

வேண்டாம், கேட்காதே. இனி அந்த வார்த்தையை அவரிடம் சொல்லாதே. சொன்னதாகக் காதில் விழுந்தால் வந்து அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன். அப்புறம் நீ நிம்மதியாகச் சாகலாம்.

பெரிசு

✻

ஏப்ரல் 2

அக்கா,

நிறுத்திவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை, ஆனாலும் நிறுத்திவிட்டேன்.

முதல் வாரம் நான் ஒன்றும் சொல்லவில்லை. காபி வந்தது. முட்டை வந்தது. அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல, "பெரிசு, பதறக்கூடாது. சின்னது போயிட்டா. காய்ச்சல்ல" என்றார். கடித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். காலையில் குளித்ததை மறக்கிறார், அம்மா போனதை மறக்கிறார். இதை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டுவிட்டார்.

போன வாரம் நீயாக இல்லாமல் நானாகவே போனேன். என் பழைய கண்ணாடி, உனக்குப் பிடிக்காத அந்தச் சாம்பல் நிறச் சட்டை. "அப்பா, நான் சின்னது. நல்லாப் பாருங்க. எனக்கு ஒண்ணும் ஆகல" என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்தார். வயதான கைக்கு அத்தனை பலம் இருக்கும் என்று நினைக்கவில்லை. "பெரிசு, இப்படி விளையாடாதே. செத்த பிள்ளையை வெச்சு விளையாடறது உனக்கு நல்லால்ல" என்றார். பக்கத்து மேசையில் சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். என் அறைக் கதவைச் சாத்தி வைக்கச் சொல்கிறார். நான் உள்ளே போனால் "அவ ரூம்ல என்ன வேலை?" என்று சத்தம் போடுகிறார். என் மேசை அங்கே இருக்கிறது. வேலையைச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டேன்.

நீ வரவேண்டும். நீ என்ன சொன்னாலும் நம்புவார், எப்போதும் நம்பியிருக்கிறார். யோசித்துப் பார்த்தேன். பெரிசு உட்காருகிற இடத்தில் நிஜமாகவே நீ உட்கார்ந்திருந்தால், எதிரே மிச்சமிருப்பவள் நான்தானே? ஒரே வரி போதும். 'சின்னது சாகலப்பா, இதோ இருக்கா.' சொல்லிவிட்டு நீ அடுத்த ரயிலில் போய்விடலாம்.

அவர் எல்லாவற்றையும் மறப்பதற்குள் என்னை ஒருமுறை, நான் உயிரோடு இருக்கும்போது, அந்த முகத்தோடு பார்க்கவேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம். எனக்கு உன்னிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். தெரிந்து சந்தோஷப்பட்டுக்கொள், ஆனால் வா.

சின்னது

✻

ஏப்ரல் 8

ஞாயிறு வருகிறேன். அவரை உட்கார வைத்துவிட்டு நீ வெளியே போய் நில். நான் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வா.

கெஞ்சும் கடிதம் உனக்கு நன்றாக வருகிறது. முன்பே முயன்றிருக்கலாம்.

பெரிசு

✻

ஏப்ரல் 14

அக்கா என்று எழுத வரவில்லை,

நேற்று நடந்ததை உனக்கே எழுதிக் காட்டுகிறேன். நீ நாளைக்கு வேறு மாதிரி சொல்லிக்கொள்வாய்.

டயர் கடை வாசலிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வந்தாய். உடம்பு போட்டிருக்கிறாய், முன்பக்கம் நரைத்திருக்கிறது. அப்பா பாதி எழுந்து உனக்கு நாற்காலியைக் காட்டினார். உணவுப் பட்டியலை உன் பக்கம் நகர்த்தினார். எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று உள்ளே வந்தேன்.

"வா பெரிசு" என்றார். என்னைப் பார்த்து. "இந்தம்மாவுக்கு வேற இடம் கெடைக்கலயாம். நம்ம மேசையிலயே உக்காந்துக்கட்டும்னு சொன்னேன்."

உன் முகத்தைப் பார்த்தேன். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாய், பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவள்போல. "அப்பா, நான்தான் பெரிசு" என்றாய். அவர் மரியாதையாகச் சிரித்தார். "எங்க பெரிசு இவதாங்க. பல் டாக்டர்" என்றார்.

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கொஞ்சமாக. அதை நீ பார்த்தாய்.

அதற்குப் பிறகுதான் நீ கைப்பையைக் கீழே வைத்தாய். அவர் கையை எடுத்து உன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாய். "நான் பொய் சொன்னேம்ப்பா. நான் பெரிசு இல்ல, சின்னது. நான் சாகல. வந்துட்டேன்" என்றாய்.

அவர் நம்பினார். என் கண்ணெதிரில் நம்பினார். உன் நரைமுடியைத் தடவிப் பார்த்தார், "காய்ச்சல்ல எப்படி ஆயிட்டே பாரு" என்றார். முதலாளியம்மா கல்லாவிலிருந்து ஓடிவந்தாள். "எம்பொண்ணு வந்துட்டா" என்று அவளிடம், சர்வரிடம், சைக்கிள்காரர்களிடம் எல்லாம் சொன்னார். வாசலில் நின்று பார்த்த கதையைச் சொன்னார். குறையே இல்லை என்று சொன்னார். அழுகையில்லாமல், சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு என்றைக்கும் அழுகையோடுதான் கிடைத்தது. நீ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாய்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீ ஏன் எங்கிட்ட பொய் சொன்னே?"

நான் உன்னைப் பார்த்தேன். ஒரே வரி அக்கா, அப்போதும் நேரம் இருந்தது. நீ ரொட்டிக்கு வெண்ணெய் தடவ ஆரம்பித்தாய்.

"எந்திரிச்சுப் போ. இவ சாப்பிடட்டும்" என்றார். போனேன். டயர் கடை வாசலில் நின்று அவர் ஆம்லெட் ஓரத்தை வெட்டி உன் தட்டில் வைப்பதைப் பார்த்தேன். சாயங்காலம் பெட்டியோடு அவரைக் கூட்டிக்கொண்டு போனாய். வாடகைக் காரில் ஏறும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வார்த்தைகள் என்னுடையவை. நான் செத்துச் செத்துச் சேர்த்தவை. அவரைத் திருப்பிக் கொண்டுவந்து விடு. அல்லது நான் யார் என்று அவரிடம் சொல்.

யார் என்று எழுதிக் கையெழுத்துப் போட எனக்கே தெரியவில்லை

✻

மே 6

உனக்கு,

எப்படி அழைப்பது என்று எனக்கும் குழப்பம். இங்கே சின்னது என்றால் நான்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

திட்டம் போட்டு வரவில்லை. நீ கேட்ட அந்த வரியை ரயிலில் மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்தேன். என்னை மூன்றாம் மனுஷியாக்கி அப்பா உணவுப் பட்டியலை நீட்டினார். அதுகூடப் பரவாயில்லை. நீ சிரித்தாய்.

அப்பா நன்றாக இருக்கிறார். கிளினிக்குக்குப் பக்கத்தில் ஓர் உணவகம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறோம். மேசை ஆடுவதில்லை, அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வீட்டில் நான் எக்ஸ்ரேக்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நிற்கிறார். நான் நிமிர்வதில்லை. நீ எழுதியது பொய்யில்லை, அது நன்றாகத்தான் இருக்கிறது. உனக்கு வயிறெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன், மறைக்கவில்லை.

ஆனால் போன ஞாயிறு நடந்ததை உனக்குச் சொல்லாமல் என்னால் வேலை செய்ய முடியவில்லை. நேற்று ஒரு நோயாளிக்குத் தவறான பக்கத்தில் ஊசி போட இருந்தேன்.

முட்டை வந்தபோது அப்பா, "பெரிசு எங்கே, காணோம்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அப்போதே உனக்குப் போன் போட்டிருக்கலாம். நீ எடுத்திருப்பாய் என்று தெரியும். ஆனால் எனக்கு ஆசை வந்துவிட்டது. நீ வாராவாரம் வாங்கியதை ஒரே ஒரு தடவை, என் பேருக்கு. எனக்காக அவர் என்ன சொல்லி அழுவார் என்று ஒரு தடவை கேட்டுவிடவேண்டும்.

"பெரிசு செத்துப்போயிட்டாப்பா" என்றேன். "காய்ச்சல்ல."

அவர் முள்கரண்டியைக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் மென்றார்.

"அப்படியா" என்றார். "பாவம். ஆனா அவ கூட உக்காந்து ஒரு நாளும் நிம்மதியா சாப்பிட்டதில்லம்மா. எதையாவது சொல்லி அழ வெச்சுடுவா. என்ன சொல்லுவான்னு ஞாபகம் இல்ல. அவ எதிர்ல வந்து உக்காந்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கும். பதினொரு மணி ஆனா பயமா இருக்கும். இனிமே பயமில்ல." சொல்லிவிட்டு சர்வரைக் கூப்பிட்டு இன்னொரு காபி கேட்டார்.

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்காக அழ ஒருத்தருமில்லை என்று அழுதேன். முகத்தைக் கழுவும்போதுதான் உறைத்தது. ஊரில் அந்த மேசையில் அவர் எதிரே வாராவாரம் உட்கார்ந்தவள் நான் இல்லை. எந்த ஞாயிறும் அவரை நான் அழவைத்ததில்லை.

செத்தது நல்லது என்று அவர் சொன்னது உன்னை.

சின்னது